போகாமல் கிடந்த கடிதம்

அந்தக் காப்பகக் கோப்பு திறக்கவே மாட்டேன் என்றது. உள்ளே ஆறு வருஷத்துக்கு முந்தைய மெயில்கள். வீட்டு பிளான் வரைபவருக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் தன் வரைபடத்தைத் தொலைத்துவிட்டுப் போனில் கேட்டிருந்தார்.

நாலைந்து முறை முயன்ற பிறகு, இப்போதைய மெயில்களோடு சேர்த்துவிடட்டுமா என்று புரோகிராம் கேட்டது. சரி என்றார். பழைய கடிதங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. கூடவே, 'ஒரு கடிதம் அனுப்பப்பட்டது' என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்து மறைந்தது.

அவர் எதையும் அனுப்பவில்லை. என்னவென்று எடுத்துப் பார்த்தார். அது அக்காவுக்கு எழுதியது.

ஆறு வருஷத்துக்கு முன் அக்கா மனை வாங்கியபோது, மூன்று வாரம் வேறு வேலையைத் தொடாமல் அவளுக்காக ஒரு பிளான் போட்டு, ஆபீஸ் முகவரியிலிருந்து மெயிலில் அனுப்பியிருந்தார். 'இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. கொதித்துப்போய், 'இனி நீ எனக்கு அக்காவும் இல்லை, நான் உனக்குத் தம்பியும் இல்லை' என்று முடியும் கடிதத்தை அன்றே எழுதினார். இன்டர்நெட் இணைப்பு இல்லாததால் அது போகவில்லை. மறுநாள் அதை அனுப்பவும் மனம் வரவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை; காப்பகத்தில் போட்டு வைத்தார். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இப்போது, 'முந்தின கடிதத்தைப் படிக்காதே' என்று அவசரமாக இன்னொன்றை அனுப்பினார். அதன் அடியில் முந்தின கடிதமும் முழுசாக ஒட்டிக்கொண்டு போயிற்று. பதறி இணைப்பைப் பிடுங்கினார். மறுபடி மாட்டியதும், புரோகிராம் கடமை தவறாமல் இரண்டையும் இன்னொரு தடவை அனுப்பி வைத்தது.

இனி இதை நம்பிப் பயனில்லை என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கதவைத் திறந்த அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "உள்ளே வாடா" என்றாள். தலை பாதி நரைத்திருந்தது. கூடத்தில் அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தம்பி உட்காரக்கூட இல்லை. "அக்கா, அந்த லெட்டரை மனசுல வச்சுக்காதே. ஏதோ கோபத்துல எழுதினது."

"எந்த லெட்டர்? எனக்கு மெயிலெல்லாம் பார்க்கத் தெரியாதுடா. உங்க அத்தான்தான் பார்ப்பார்." அவள் குரல் இறங்கியது. "பிளான் போட்டுத் தர்றேன்னு சொன்னே. ஆறு மாசம் காத்திருந்தேன். இஷ்டமில்லேன்னா வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்."

"அனுப்பினேனேக்கா. இனி எழுதாதேன்னு நீதானே பதில் போட்டே?"

அத்தானின் கையிலிருந்த பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"தலைப்புல 'வீட்டு பிளான்'னு இருந்துச்சு மாப்ளே" என்றார். "விளம்பரம்னு நினைச்சு, எல்லாருக்கும் போடற பதிலைத்தான் போட்டேன்."