பிஸ்டலும் பெயர் தெரியாத ராணுவமும்

சிப்பாயின் இடுப்பில் எந்தக் கைத்துப்பாக்கியைச் செருகுவது என்று எந்த நாட்டுத் தளபதியும் எங்கள் பிஸ்டல் பெருமாள் அளவுக்குக் கவலைப்பட்டிருக்க மாட்டார். கவலைப்பட்ட தளபதிகளுக்கு ஓய்வூதியமாவது கிடைத்திருக்கும். பிஸ்டலுக்குக் கிடைத்தது நாலு நாள் பொலிஸ் காவல். அதற்குக் காரணம் நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரன். யுத்த காலமாகையால் வாயைத் திறக்காமல் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸ்டல் அங்கே தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். துப்பாக்கி எதையும் தொட்டதில்லை.

எல்லாம் செத்தல் மிளகாயில்தான் ஆரம்பித்தது. தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் கழித்துப் போட்ட ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகை கடைக்குப் போய், அதில் நாலு பக்கம் மிளகாய் சுற்றிக்கொண்டு பிஸ்டலின் லயத்து வீட்டுக்கு வந்தது. மழையால் வேலை நின்ற ஒரு நாள் அதைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். சும்மா இருந்த நான் வாசித்துத் தொலைத்தேன்.

ஏதோ ஒரு ராணுவம் தன் கைத்துப்பாக்கியை மாற்றப் பார்க்கிறது. பழையது கனம், பெரிய குண்டு, ஏழுதான் கொள்ளும். புதியது லேசு, சின்னக் குண்டு, பதினைந்து கொள்ளும். இரண்டையும் சேற்றில் போடுகிறார்கள், மணலில் புதைக்கிறார்கள், உப்புத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். பழைய சிப்பாய்கள் பழையதே வேண்டுமென்று அடம்பிடிக்கிறார்கள். அது எந்த நாட்டு ராணுவம், கடைசியில் எதை எடுத்தார்கள் என்பதெல்லாம் வேறு யாருக்கோ மிளகாய் சுற்றிப் போய்விட்டது.

நான் அன்றே மறந்துவிட்டேன். அவரோ மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில் அதை எடுத்துப் போட்டார். கங்காணி பழையதன் பக்கம் சாய்ந்தார். பிஸ்டல் புதியதன் பக்கம். ஆறு வருஷம் இந்த வழக்கு நடந்தது; பெருமாள் பிஸ்டல் ஆனதும் அதில்தான். கல்யாண வீட்டில் நடந்தது. ஒரு சாவு வீட்டில், பாடை கனக்கிறது என்று யாரோ சொல்லப்போக, சுடுகாடு வரைக்கும் நடந்தது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது என் ஆபீஸ் ஜன்னலிலும் நடந்தது.

பிஸ்டலின் நியாயம் என்னவோ நல்ல நியாயம்தான்.

"தோட்டத்துல எல்லாருக்கும் ஒரே கத்தி குடுக்குறாங்க. என் கைக்கு அது சரி. முனியாண்டி கைக்குப் பெருசு. சாயங்காலம் அவன் மணிக்கட்டு வீங்கிப் போவுது. சின்னக் கைக்காரனும்தானுங்களே பட்டாளத்துல இருப்பான்?"

முதல் தடவை கேட்டபோது வியந்தேன். இருநூறாவது தடவை கேட்டபோது இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதலாமா என்று யோசித்தேன். நாடே சண்டையில் களைத்துக் கிடக்க, யாரென்றே தெரியாத ராணுவத்துக்காக இந்த மனிதர் மட்டும் களைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் தோட்டத்தில் இருக்கிற எல்லோருடைய பெயரும் வேண்டுமென்று பொலிஸ் கேட்டது. எங்களிடம் மூன்று பெருமாள்கள். ஒருவர் வேலைநாள் இன்னொருவர் பேரில் விழாமல் இருக்க, செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பட்டப்பெயரையும் சேர்த்தெழுதுவது தோட்டத்து வழக்கம். கோழிப் பெருமாள், பஜனைப் பெருமாள், பிஸ்டல் பெருமாள். நான் செக்ரோலைப் பார்த்து அப்படியே, அழகான ஆங்கில எழுத்தில், பிரதி பண்ணிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஜீப் வந்தது. லயத்தைச் சோதித்தபோது, துப்பாக்கிப் படங்களுடன் அந்த நாலு பக்கமும் சுவரில் ஒட்டியிருந்தன; அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

உடனே போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. யாழ்ப்பாண அடையாள அட்டையோடு தானாகப் பொலிஸுக்குப் போகிற தைரியம் எனக்கு இல்லை. மூன்று நாள் ஏதேதோ சாக்குச் சொன்னேன். நாலாம் நாள் காலையில் அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பொலிஸ் நிலையத்தில் பார்த்தபோது பிஸ்டல் மெலிந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் காதோடு சொன்னேன்: "ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. படம் வடிவா இருந்தது, ஒட்டினன் எண்டு மட்டும் சொன்னால் காணும்."

"சரிங்கையா."

இன்ஸ்பெக்டர் தலை நரைத்தவர். பல நாள் தூங்காத கண்கள். அந்த நாலு பக்கத்தையும் காட்டி, இது எந்த ராணுவம் என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"அதுதாங்க ஆறு வருசமா எனக்கும் தெரியல."

அந்தக் காலத்தில் ஒரு தமிழன் அந்தக் கேள்விக்குச் சொல்லக்கூடிய பதில்களில் அதைவிட மோசமானது இல்லை. "வெளிநாட்டு ராணுவம், சேர்" என்று மாற்றிச் சொன்னேன். துப்பாக்கிகளைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று அடுத்த கேள்வி வந்தது. பிஸ்டல் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். அப்புறம் அடக்க முடியாமல் தொடங்கிவிட்டார். நான் பயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மொழிபெயர்த்தேன். அவருக்கோ கொஞ்சம் சிங்களம் புரியும்.

"ஐயா, சேத்துல போட்டதச் சொல்லலீங்களே."

அதையும் சொன்னேன். அப்படியானால் எதை எடுக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பிஸ்டல் அவர் இடுப்பில் தொங்கிய கைத்துப்பாக்கியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தொரைக்கு இந்தப் பக்கம் இடுப்பு வலி இருக்குங்களான்னு கேளுங்க."

அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் விடவில்லை, கேட்டு வாங்கினார். பிறகு பெல்ட்டைக் கழற்றி மேசையின் மறுகோடியில் வைத்தார். பதினெட்டு வருஷமாக ஒரே பக்கம் தொங்குகிறது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிவதில்லை என்று சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவரச் சொன்னார். கனம் எங்கே இழுக்கிறது, கைப்பிடி எங்கே உறுத்துகிறது என்று அரைமணி நேரம் இருவரும் பேசினார்கள். நான் நடுவில் நின்று சிங்களமும் தமிழுமாக வியர்த்தேன். கடைசியில் கூட்டிப்போகச் சொன்னார். "வாயைக் கட்டச் சொல்லுங்கள். அடுத்து இந்த நாற்காலிக்கு வருகிறவனுக்கு இடுப்பு வலி இருக்காது" என்றார்.

பஸ்ஸில் நான் என் பிழையை ஒப்புக்கொண்டேன். "செக்ரோலுல அப்படித்தானுங்களே இருக்கு. ஐயா என்னா செய்வீங்க" என்றார். அதன் பிறகு பேசவில்லை.

தோட்டத்திலும் பேசவில்லை. கங்காணி வலியப் பழையதன் பெருமை சொல்லிப் பார்த்தார். பிஸ்டல் தலையைக் குனிந்துகொண்டு மலைக்குப் போனார். ஆறு வருஷமாக நான் ஏங்கிய நிம்மதி கிடைத்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் எல்லோரையும் போல அவரும் பயந்த மனிதராகிவிட்டார். அந்தப் பயத்தைப் பட்டியலில் எழுதி அனுப்பியவன் நான்.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒரு மழை நாளில் அவரை ஆபீசுக்குள் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தினேன்.

"நான் யோசிச்சுப் பாத்தனான். பழசுதான் நல்லது. ஏழு குண்டு காணும்."

அவர் கதவைப் பார்த்தார். சாத்திய ஜன்னலைப் பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "படிச்சவுங்க, நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்கையா?" என்று தொடங்கினார்.

ஒன்றரை மணி நேரம் பேசினார். தூக்கத்தில் என் கண் சொருகியது. ஆனாலும், அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று கடைசிவரை நான் பழையதன் பக்கமே நின்றேன்.