நான்காவது நிறுத்தத்தில் சந்தகை

"ஏனுங்கக்கா, உங்க கடைக்குக் கதை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கோயம்புத்தூரின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். யஷ்வந்த் மாசாணியம்மாளிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முந்தையது இருண்ட காலம், பிந்தையது பொற்காலம். இருண்ட காலத்தில் மக்கள் பசித்தால் சாப்பிட்டார்கள், வேலை இருந்தால் நடந்தார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, முன்பதிவு செய்து செய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு அறியாமை.

மாசாணியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "கதையெல்லாம் இல்லீங்க தம்பி. சந்தகைதான் இருக்குது. தேங்காய்ப்பால் ஊத்தட்டுங்களா?"

"அதாங்கக்கா கதையே!" என்றான் யஷ்வந்த். அவன் கண் கலங்கியிருந்தது.

கலங்காதா? தாத்தா கட்டிய மில்லை இடித்து அடுக்குமாடி எழுப்பிய வெங்கடபதியின் ஒரே மகன் அவன். பழமையின் அருமை அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? போன வருஷம் அவன் கடல் நடுவே இருக்கும் ஒரு தீவு நகரத்துக்குப் போனான். அங்கே ஒரு பெண்மணி கையில் கொடியோடு அவனைச் சந்து சந்தாக நடத்திக் கூட்டிப் போய், கடைக்குக் கடை ஒரு வாய் ஊட்டினாள். நான்காம் நாள் ஞானம் வந்தது. ஊர் திரும்பும்போது அவளுடைய பேச்சையும் கைபேசியில் பதிந்து கொண்டுவந்து, 'கடல்' என்று வந்த இடமெல்லாம் 'குளம்' என்று மாற்றினான். 'கோவை நடை - ருசி அனுபவம்' பிறந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் மாற்ற விட்டுப்போயிருந்தது. பெரிய காரியங்களில் இப்படி நேர்வதுதான்.

மாசாணியம்மாளின் கடை உக்கடம் பெரியகுளத்தை ஒட்டிய சந்தில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு, மூன்று கால் இரும்பு அச்சு. வெந்த மாவை உள்ளே போட்டு மேலே கைப்பிடியைச் சுற்றினால் சந்தகை நூல் நூலாக இறங்கும். ஆனால் பஸ்ஸிலிருந்து விழுந்த நாள் முதல் அவளுடைய வலது தோள் மேலே எழும்பாது. அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சாப்பிட வருகிறவர் ஆளுக்கு ஒரு ஈடு பிழிந்து கொடுத்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார். முதல் ஈடு சின்னானுடையது. முதல் தட்டும் அவனுடையது. பொள்ளாச்சியிலிருந்து வரும் தேங்காய் லாரியில் மூட்டை இறக்குகிறவன். இறக்கும்போது விரிசல் விட்ட காயில் இரண்டை வியாபாரி அவனுக்கே கொடுத்துவிடுவார். அன்றைய தேங்காய்ப்பால் அதுதான். பதினோரு வருஷமாக இப்படியே நடந்தது.

"ஏப்பா சின்னான், மாப்பிள்ளையாட்ட இத்தன நேரங்கழிச்சு வார?"

"லாரி லேட்டுக்கா. உம்பட மாவு என்ன இந்தக் கனம் கனக்குது? சந்தகை சுடறயா, செங்கல் சுடறயா?"

"செங்கல்லுன்னா உனக்கெதுக்கு நாலு தட்டு? பேசாம சுத்து."

இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுக்கொண்டே ஜனங்கள் சாப்பிட்டார்கள் என்றால், ஒழுங்குபடுத்த எவ்வளவு இருந்தது என்று பாருங்கள்.

ஒழுங்குபடுத்துவதற்கான 'ஆலோசனைக் கூட்டம்' அதே பெஞ்சில் நடந்தது. யஷ்வந்தும், 'அனுபவ இயக்குநர்' பிரத்யுஷாவும் ஆளுக்கொரு தட்டோடு கூடினார்கள். மாசாணியம்மாளின் கடை 'நிறுத்தம் நான்கு' என்று அறிவிக்கப்பட்டது.

"சனிக்கிழமை காலைல ஏழரைல இருந்து ஒம்போது வரைக்கும் கெஸ்ட்டுங்களுக்கு மட்டுங்கக்கா" என்றாள் பிரத்யுஷா. "அச்ச அவங்கதான் சுத்துவாங்க. அதுதான் அனுபவம். செரிங்களா?"

அந்த நேரம் சின்னான் வருகிற நேரம். சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்ணின் வாயில் சந்தகை இருந்தது. சாப்பிடுகிறவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. கை கழுவட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று மாசாணியம்மாள் செம்பில் தண்ணீரோடு நின்றாள். அவர்கள் கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

சனிக்கிழமை பன்னிரண்டு விருந்தினர்கள் வந்தார்கள். சந்துக்குக் குறுக்கே மஞ்சள் கயிறு கட்டப்பட்டது. தினமும் வருகிறவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அனுபவிக்க அனுமதிக்கப்பட்டார்கள்.

"கண்ணை மூடுங்க" என்றான் யஷ்வந்த் ஒலிபெருக்கியில். "அலைகள் நம்மை அழைக்கின்றன. உப்புக் காற்றை ஆழமாக இழுங்கள்."

சாக்கடை ஓரத்தில் பன்னிரண்டு பேரும் ஆழமாக இழுத்தார்கள். நல்ல ஜனங்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பிறகு பிழிதல். நேஹா என்ற பெண் கைப்பிடியை அரைச் சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டாள். அடுத்தவர் அதைத் திருப்பிச் சுற்றினார். ஒரு ஈடு இறங்க அரை மணி ஆனது. மூன்று நிறுத்தங்களில் தின்று வந்த வயிறுகள் ஆளுக்கு ஒரு கரண்டியை வாயில் வைத்து, "வாவ்" என்று, சொல்லி மீதியை ஓரமாக வைத்தன. பசியோடு வந்தால் ருசி தெரியாது என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி.

அப்போதுதான் சின்னான் வந்தான், இரண்டு கையிலும் இரண்டு காயோடு. வழக்கம்போல நேராக அச்சை நோக்கி நடந்தவனைக் கயிறு தடுத்தது.

"ஏனுங்ண்ணா, புக்கிங் இருக்குதுங்களா?" என்றாள் பிரத்யுஷா, மிகுந்த மரியாதையோடு.

சின்னான் அவளைப் பார்க்கவில்லை. மாசாணியம்மாளைப் பார்த்தான்.

'அவன் நம்ம ஆளுங்க, உள்ள உடுங்க' என்பது அவள் நாக்கு நுனியில் இருந்தது. அந்த ஒரு வார்த்தை போதும். நாளைக்கும் அச்சு சுற்றும். ஆனால் பன்னிரண்டு பேர் வாயில் கரண்டி இருந்தது. பதினோரு வருஷமாக அவனிடம் 'வா', 'சுத்து' என்றே பேசியவள், இப்போது 'ங்க' போட்டுப் பேசினாள்.

"செத்த அப்படி நில்லுங்க. கெஸ்ட்டுங்க சாப்பிட்டுட்டு இருக்கறாங்க."

நில்லுங்க. சின்னானின் முகத்தில் ஏதோ அணைந்தது. குனிந்து, இரண்டு காயையும் கயிற்றுக்கு அடியில் மெதுவாக உருட்டிவிட்டான். அவை அவள் காலடியில் வந்து நின்றன. அவன் வந்த வழியே திரும்பி நடந்தான்.

"கவனிச்சீங்களா?" ஒலிபெருக்கியில் யஷ்வந்தின் குரல் தழுதழுத்தது. "இதுதாங்க கொங்கு மரியாதை! பசியோட வந்த மனுசன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறாரா பாருங்க!"

பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள்.

"அண்ணா, ஒன் மினிட்!" நேஹா கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். "நான் எடுக்கல. இன்னொரு தடவ அதே மாதிரி திரும்பிப் போறீங்களா?"

"ஏப்பா சின்னான்..." என்றாள் மாசாணியம்மாள், ஒற்றைக் கையால் அச்சைப் பிடித்தபடி.

அவன் சந்து முனையைத் தாண்டிப் போய்விட்டான்.