ஜிப்பாப் பையில் ஒரு ஜாங்கிரி

ஊராருக்கு ஆசையை அடக்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம். நம்முடைய ஆசைதான் நாம் சொல்வதைக் கேட்பதில்லை.

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த வருடம். இனிப்பைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். தொட்டால் நடப்பதே வேறு என்றாள் என் மனைவி கிரேஸ். (டாக்டருக்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை.) ஆனாலும் சபையில் எனக்கு நல்ல பெயர். வீட்டு ஜெபக்கூட்டங்களில் பேசக் கூப்பிடுவார்கள்.

அப்படித்தான் கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் தேவராஜ் வீட்டுக்குப் போனேன். நண்டு வாங்கும் இடத்தில் ஐஸ் பெட்டி ஏற்றுகிறவர். குடியை விட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. உள்ளதே போதும் என்ற மனதைப் பற்றி அவருக்குத் தைரியம் வர நாலு வார்த்தை பேசச் சொல்லி, அவர் மனைவி கண்கலங்கிக் கேட்டிருந்தார்.

கிரேஸ் சமையலுக்கு உதவ முன்னாலேயே போய்விட்டாள். நான் பொன்னேரியில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிர்க்கடையில் சுடச்சுட ஜாங்கிரி. ஒன்றைத் தின்றேன். (பிரசங்கத்துக்குத் தெம்பு வேண்டாமா?) இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றி ஜிப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆட்கள் சேரும் வரை தேவராஜ் வீட்டு வாசலில் குவித்திருந்த பழைய வலைமேல் உட்கார்ந்திருந்தேன். எறும்புகளும் அங்கேதான் இருந்திருக்கின்றன.

"பார்க்கிறதையெல்லாம் கேட்கிற மனசு" என்று நான் ஆரம்பித்தபோது இடுப்பில் முதல் கடி. கையை உயர்த்தினேன். இரண்டாவது கடிக்குக் காலை உதறினேன். அடுத்ததற்கு, "உள்ளதே போதும்" என்று அலறியபடி குதித்தேன். எனக்குள் ஆவியானவர் இறங்கிவிட்டதாகக் கூட்டம் நம்பியது. அல்லேலூயா சத்தம் எழுந்தது. கஞ்சிராக்காரர் வேகத்தைக் கூட்டினார். நானும் கூட்டினேன். தாங்க முடியாமல் இடுப்பில் ஓங்கி அடித்ததில், பாகில் ஊறிய பை கிழிந்து, எறும்பு மொய்த்த ஜாங்கிரி தேவராஜ் காலடியில் விழுந்தது.

கஞ்சிரா நின்றது. கிரேஸ் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை.

பொய் எதுவும் வாயில் வரவில்லை. சர்க்கரை நோய்க்காரன் என்றும், ஒன்றைத் தின்றுவிட்டுத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். தேவராஜ் எழுந்தார். நேராகச் சாராயத்துக்குத்தான் போகப்போகிறார், அனுப்பியது நான்தான் என்று நினைத்தேன்.

"உங்களுக்கும் அடங்க மாட்டேங்குதாண்ணா?"

அடங்கவில்லை என்று தலையசைத்தேன்.

"சாயங்காலமானா எனுக்குக் கை நடுங்குது. விசுவாசம் இல்லாதவன்னு சொல்லிடுவாங்கன்னு யாரான்டயும் சொல்லாம இருந்தேன்."

அவர் மனைவிக்கும் அப்போதுதான் அது தெரிந்தது போலும்; வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெபத்தைத் தேவராஜையே செய்யச் சொன்னேன். சுருக்கமாக முடித்தார்: "இன்னிக்கு மட்டும் தாண்ட வைங்க ஆண்டவரே. இந்த அண்ணனையும் தாண்ட வைங்க."

அன்றே கிரேஸ் என் ஜிப்பாப் பைகள் எல்லாவற்றையும் தைத்து மூடிவிட்டாள். பஸ் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போகிறேன். தேவராஜ் நடுவில் ஒருமுறை மறுபடி குடியில் வழுக்கி விழுந்தார். நான் எத்தனை முறை என்று கேட்காதீர்கள். இப்போதும் வேலை முடிந்து சாராயக் கடை வழியாக வரும்போது எனக்குப் போன் செய்வார். நானும் அந்நேரம் மிட்டாய்க் கடைப் பக்கம்தான் இருப்பேன். காற்றையும் நண்டையும் பற்றிப் போனில் பேசிக்கொண்டே இருவரும் அவரவர் வழியில் நடப்போம். பேச்சு முடியாமல் போனும் கையுமாக நான் வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்படியிலிருந்து கிரேஸ் குரல் கொடுப்பாள்:

"இன்னா, ரெண்டு பேரும் கடையத் தாண்டியாச்சா?"