மாமியின் இன்சுலினும் நான் அள்ளிக் கொட்டிய ஐஸும்

புது மாப்பிள்ளைக்குத் தெரியாத விசயம் என்று உலகத்தில் எதுவுமே கிடையாது. எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியேறுவான். வந்த இடத்தில் தன் மூளையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் வாய்க்காதா என்று அலைவான். எனக்கு அதைப் புயல் எச்சரிக்கை கொண்டுவந்து தந்தது. (தராமலே இருந்திருக்கலாம்.)

என் மாமியாருக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஏற்ற வேண்டும். வெள்ளம் வந்தால் பள்ளிவாசல் மேல்மாடிக்குப் போவதென்று வீட்டில் முடிவானது.

"மாமிட மருந்து என்ட பொறுப்பு" என்றேன்.

"அதுக்கு மண்முட்டி ஒண்டு எடுத்து, ஈரச்சீலையச் சுத்தி..." என்று, மருந்தைக் குளிராக வைக்கும் பழைய பானை முறையை மாமி சொல்லத் தொடங்கினார்.

"நீங்க கவலப்படாதீங்க மாமி. கரண்ட் போனாலும் குளிர் குறையாம நான் பார்த்துக்கிறன்."

இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும். ஆகவே குளிர் கூடக்கூட நல்லது. இதுதான் என் விஞ்ஞானம். மாமா மீன் வியாபாரி. அவர் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவி, மருந்துக் குப்பிகளை நடுவில் வைத்து, மேலும் கீழும் ஐஸை நொறுக்கிக் கொட்டினேன். மீன் கெடாமலிருக்க மாமா ஐஸில் உப்புத் தூவுவதைப் பார்த்திருக்கிறேன். உப்புச் சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் கூடுமாம். நானும் தாராளமாகத் தூவினேன்.

மறுநாள் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவே மேல்மாடியில் ஏறிவிட்டது. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் மாமி ஊசியோடு வந்து உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்கும்படி பெட்டியைத் திறந்தேன். குப்பியை எடுத்துக் குலுக்கினேன். சத்தமில்லை. தலைகீழாகப் பிடித்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. மற்றக் குப்பிகளும் கல்லாகத்தான் இருந்தன.

"உருகினாச் சரிதானே மாமி?"

"இல்ல மகன். உறைஞ்ச மருந்து மறுகா வேல செய்யா. கிளினிக்ல சொல்லியிரிக்காங்க."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். என் மனைவி நுஸ்ரத் தாயின் விரலைக் குத்திச் சீனி பார்த்தாள். மெஷினில் எண் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி வீதியில் மார்பளவு தண்ணீர். மாமிக்கு ஏதும் ஆனால் அதற்குக் காரணம் நான்தான். உண்மையாகவே பயந்துபோனேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் ஓடினேன். ஒலிபெருக்கி பட்டரியில் வேலை செய்தது. யாரிடமாவது இன்சுலின் இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் நடந்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டேன். அந்த நல்ல மனிதரும் ஒன்றையும் விடாமல் ஊருக்கே அறிவித்தார்.

"அவசர அறிவித்தல்! மீன்கார ஹாஜியார்ட புது மருமகன், மாமிட இன்சுலின மீன் பெட்டிக்குள்ள போட்டு, ஐஸும் உப்பும் கொட்டி உறைய வெச்சிட்டார். ஆரிட்டயும் இன்சுலின் இரிந்தா உடனே கொண்டு வாங்க!"

மேல்மாடி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. (பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டதாம்.) நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அப்போது மாமா எழுந்தார். தன் உடுப்பு மூட்டையை அவிழ்த்து, ஈரச்சீலை சுற்றிய சின்ன மண்முட்டி ஒன்றை வெளியே எடுத்தார். உள்ளே சீல் உடைக்காத ஒரு குப்பி. மாமி போடும் அதே வகை இன்சுலின்!

"இது ஆர்ட?" என்றார் மாமி.

"என்டதான்."

தித்திக்கும் வட்டிலப்பத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கும் மாமாவா? ஒரே கூரையின் கீழ், ஒளித்து ஒளித்து ஊசி போட்டாரா?

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?" என்று மாமி கேட்டார்.

"சொன்னா நீ தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டாய்."

மாமி குப்பியை வாங்கி, பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்து, புது ஊசியால் ஏற்றிக்கொண்டார். பிறகு சீனி இறங்கத் தொடங்கியதும் நுஸ்ரத் அழுதாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்றிலிருந்து மாமாவுக்குச் சீனியில்லாத் தேத்தண்ணிதான். விருந்தாளி யார் வந்தாலும் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "மருமகன் அண்டைக்கு ஐஸ் போட்டிரிக்காட்டி நான் இப்பவும் இனிப்பாத்தான் குடிச்சிரிப்பன்" என்பார்.

மாமி விடமாட்டார். "அவர் போட்டதாலதான் நீங்க இண்டைக்கு உயிரோட இரிக்கீங்க" என்பார். நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் என் பக்கம் திரும்பி, "அதுக்காக இன்னொருக்காப் போட்டிராதீங்க மகன்" என்று முடிப்பார்.