பழைய கம்ப்யூட்டரில் அடித்த விண்ணப்பம்

அன்னிக்கு எனக்கு லீவு. இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. என் மனைவி சுமதியோட வேலை விண்ணப்பத்தை டைப் அடிச்சு, பெங்களூர் மல்லேஸ்வரத்துல ஒரு ஸ்கூல்ல நாலு மணிக்குள்ள கொடுக்கணும்.

என்ன வேலைன்னு கேக்கறீங்களா? கம்ப்யூட்டர் டீச்சர்.

ரெண்டாயிரம் பொறந்து ரெண்டு மூணு வருஷம் ஆயிருந்த நேரம். வீட்ல ரெண்டு கம்ப்யூட்டர். பெட்ரூம்ல, ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கற மாதிரி ஒரு பி.சி. ஹால்ல என்னோட பொக்கிஷம். எண்பதுகள்ல வந்த மாடல். டிவியில மாட்டி, டேப் ரெக்கார்டர்ல கேசட் போட்டுத்தான் புரோகிராமை ஏத்தணும்.

இந்த மாதிரி மெஷின் வெச்சிருக்கற ஆறு பேர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினோம். ‘இந்தக் காலத்து பி.சி. சுத்த வேஸ்ட்’னு தினமும் பேசுவோம். பேசறது ஈமெயில்ல. ஈமெயில் வர்றது பி.சி.யில. அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்க மாட்டோம்.

“பி.சி.யில அடிச்சா பத்து நிமிஷம்”னா சுமதி.

“ஒரு லெட்டருக்கு எதுக்கு அவ்ளோ பெரிய மெஷின்?”னேன். போன ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல இதையே சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருந்தேன்.

அவ பெட்ரூமுக்குள்ள போயிட்டா.

கேசட்டைப் போட்டேன். ‘கீ’ன்னு கத்திச்சு. ஆறு நிமிஷம் கத்திட்டு, பிழைன்னு காட்டிச்சு. ரீவைண்ட் பண்ணி, வால்யூமைக் கூட்டினேன். மறுபடியும் பிழை. குறைச்சேன். அதுக்கும் பிழை.

கீழ் வீட்டு ராவ் மாடியேறி வந்தார். “ஏனு சார், மிக்ஸி கெட்டோய்த்தா?” மிக்ஸி கெட்டுப் போச்சான்னு கன்னடத்துல கேட்டார்.

ஏழாவது தடவை ஏறிச்சு.

என் மெஷினுக்குச் சின்ன எழுத்து தெரியாது. மொத்தமும் கேபிடல்தான். வரிக்கு நாப்பது எழுத்து ஆனதும் வார்த்தையை இருந்த இடத்துலயே வெட்டும். பிரிண்டர் ரிப்பன் வேற வெளுத்துப் போச்சு. பிரிண்டர் பேப்பர் ஓரத்துல இருந்த ஓட்டை வரிசையைக் கிழிச்சப்போ, எங்க வீட்டு நம்பரும் சேர்ந்து கிழிஞ்சுது.

வெட்டின வார்த்தையை எல்லாம் சரி பண்ணி, திரும்பத் திரும்ப பிரிண்ட் எடுத்து முடிக்கறதுக்குள்ள மணி மூணே கால். ஆட்டோ டிராஃபிக்ல நின்னுடுச்சு. எறங்கி ஓடினேன்.

பிரின்சிபால் அம்மா பேப்பரைப் பார்த்ததும் முகம் மாறிட்டாங்க.

“தந்தியா? யாருக்கு என்ன ஆச்சு?”

“அப்ளிகேஷன் மேடம். சுமதியோடது.”

“சுமதியா? அவங்களோடது காலையில பத்தரைக்கே ஈமெயில்ல வந்துடுச்சே. அழகா பண்ணியிருந்தாங்க. நாளைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாச்சு.”

பத்தரைக்கு நான் ரெண்டாவது பிழையில இருந்தேன்.

“கடைசியில ஒரு குறிப்பும் இருந்துது”ன்னு சொல்லி அவங்களே படிச்சாங்க. “‘என் கணவர் மதியத்துக்கு மேல ஒரு பேப்பர் கொண்டுவருவார். தயவுசெஞ்சு அதை ஃபைல்ல சேர்க்க வேண்டாம்.’”

பேப்பரைத் திருப்பி வாங்கி நாலா மடிச்சுப் பாக்கெட்ல வெச்சேன்.

“நீங்க என்ன சார் பண்றீங்க?”

“சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கேன் மேடம்.”

அதுக்கு மேல அவங்க எதுவும் கேக்கல. தண்ணி குடிக்கறீங்களான்னு மட்டும் கேட்டாங்க.