ஆமையைத் திருப்பிப் போட இரண்டு முறைகள்

ஒரு காட்டில் சட்டியப்பன் என்று ஓர் ஆமை இருந்தார். அவருக்கு முதலில் துரோகம் செய்தது யார் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார். "மந்தி பூங்கோதை" என்பார். இரண்டாவது யார் என்றால் அவள் புருஷன் கடுவன் தவசி. மூன்றாவது குயில் மதுரவல்லி. அதற்குப் பிறகு காட்டில் உள்ள மற்ற எல்லோரும், வந்த வரிசைப்படி.

மற்ற பிராணிகள் கோபித்துக்கொள்ளும், மறந்துவிடும், செத்தும் போய்விடும். ஆமைக்கு ஆயுசு அதிகம். அது கோபத்தை ஓட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு நிதானமாக நடக்கும். சட்டியப்பன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. குரங்குகளுக்காகப் பேச நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

குளத்தங்கரையில் ஒரு நாவல் மரம். அதன் நிழலில் ஒரு தட்டைப் பாறை. காலையில் அந்தப் பாறையில் கண் அசருவார் சட்டியப்பன். வெயில் ஏறி நிழல் நகர்ந்ததும் குளத்தில் இறங்கிவிடுவார். அவருக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. ஆனால் அதே மரத்தின் மேல் பூங்கோதையும் தவசியும் தங்கள் ஒரே பிள்ளையோடு குடியிருந்தார்கள்.

பிள்ளைக்கு நிக்‌ஷ்வின் என்று பெயர். சுற்றுலா வந்தவர்கள் தவறவிட்ட போனில் தேடி எடுத்த பெயர் அது. காட்டில் கிளி ஒன்றால்தான் அதைச் சரியாகச் சொல்ல முடிந்தது. அதுவும் சொல்லி முடித்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும். அந்தப் போனில்தான் பூங்கோதை குழந்தை வளர்ப்பு பற்றிய வீடியோக்களைப் பார்ப்பாள். சார்ஜ் தீர்ந்து திரை கறுத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு நிறையப் புரிந்ததாம்.

ஒரு நாள் காலை நிக்‌ஷ்வின் மரத்திலிருந்து இறங்கினான். தூங்கிக்கொண்டிருந்த சட்டியப்பனின் ஓட்டுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தான். ஒரு தம் பிடித்தான். சொத்தென்று சட்டியப்பன் மல்லாந்து விழுந்தார்.

நாலு காலும் ஆகாயத்தில் நீந்தின. ஓர் ஆமை மல்லாந்து விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது. யாராவது திருப்பிப் போட்டால்தான் உண்டு. நிழல் நகர்வதற்குள் போட்டாக வேண்டும். சட்டியப்பனின் வயிறு பிறந்ததிலிருந்து வெயிலைப் பார்த்ததில்லை. அன்று பார்த்தால் அவர் பாறையிலேயே பொரிந்துபோவார்.

மேலே கிளை அசைந்தது. பெற்றவள் பார்த்துவிட்டாள், இனிக் கவலை இல்லை என்று நினைத்தார். பூங்கோதை வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது:

"என் செல்லமே! அவ்வளவு பெரிய ஆளையா தூக்கிப் போட்ட?"

பயல் தள்ளியதைக்கூட அவர் மன்னித்திருப்பார். அந்த வார்த்தையை மன்னிக்கவில்லை.

"ஏம்மா பூங்கோதை, என்னைத் திருப்பிப் போடச் சொல்லும்மா."

"இருங்க பெரியவரே, அவன்கிட்டத்தான் பேசப் போறேன்" என்று இறங்கி வந்து பிள்ளையின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "கண்ணா, இப்ப தாத்தாவோட மனசு என்ன கலர்ல இருக்கும்?"

"பச்சை."

"சூப்பர்டா!"

"தாத்தாவைத் திருப்பிடவாம்மா?"

"உனக்கே தோணினா மட்டும் செய்டா. அம்மா கட்டாயப்படுத்த மாட்டேன்."

அவனுக்குத் தோன்றியது. ஓட்டுக்கு அடியில் கையும் கொடுத்துவிட்டான். சட்டியப்பன் ஒரு சாண் எழும்பியும்விட்டார். அந்த நேரம் பார்த்து அடுத்த கிளையிலிருந்து தவசி குதித்தான்.

"டேய்! பெரியவரையாடா புரட்டிப் போட்ட? திருப்புடா! இல்லேன்னா முதுகுத் தோலை உரிச்சிடுவேன்!"

பூங்கோதை பிள்ளையின் கையைப் படக்கென்று இழுத்தாள். சட்டியப்பன் மறுபடி சொத்தென்று விழுந்தார்.

"விடுடா செல்லம்" என்றவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "இப்ப திருப்பினா பயத்துல திருப்பினதா ஆயிடும். அது அவன் மனசுல ஆறாத வடுவா நின்னுடுங்க."

"ஓஹோ. அப்ப நீ கொஞ்சித்தான் அவன் செய்யணுமா? அதுக்கு அவன் செய்யாமலே இருக்கட்டும்."

"பயத்துல திருப்பினாலும் எனக்குச் சம்மதம்மா" என்றார் சட்டியப்பன். யார் காதிலும் விழவில்லை.

"எங்கப்பா என்னை உச்சிக் கிளையிலேர்ந்து தள்ளிவிட்டாரு. நான் நல்லா வளரலையா?" என்றான் தவசி.

"நல்லா வளந்தீங்க. அதான் இன்னிக்கும் நேராத் தாவச் சொன்னா இடது பக்கம் தாவுறீங்க."

"உங்கம்மா வளத்த லட்சணம் தெரியாதா? உன் தம்பிக்கு மூணு பிள்ளை. அவன் இன்னும் உங்கம்மா வயித்தைப் பிடிச்சுத்தானே தொங்கறான்!"

"அது பாசம்!"

"அந்தக் கிழவிக்கு இடுப்பே போச்சு!"

அந்த வழியாகக் காட்டுப்பன்றி ஏகாம்பரம் வந்தான். "என்ன சட்டியப்பண்ணே, வயித்தைக் காயவைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, விஷயம் புரிந்ததும் மூக்கை ஓட்டுக்கு அடியில் கொடுத்தான். அவன் மூக்குக்கு அது ஒரு வேலையே இல்லை.

"தொடாதீங்க!" என்று மந்தியும் கடுவனும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். "இது எங்க பிள்ளை பிரச்சினை!"

ஏகாம்பரம் மூக்கை எடுத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க. அடுத்தவங்க பிள்ளை வளர்ப்புல நான் தலையிடறதே இல்ல" என்று வாலை ஆட்டிக்கொண்டு போனான். சட்டியப்பன் அவன் பெயரையும் மனதில் குறித்துக்கொண்டார்.

எதிரே வாகை மரத்தில் குயில் மதுரவல்லி குழந்தை வளர்ப்பு ஆலோசனை மையம் நடத்திவந்தாள். அவள் இதுவரை ஒரு குஞ்சைக்கூட வளர்த்ததில்லை. அதனால் எல்லாருடைய முறையையும் சமமாக மதிக்க அவளால் முடிந்தது. மரத்தடியில் எப்போதும் வரிசை நிற்கும். மந்தியும் கடுவனும் சண்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். தங்களுக்குப் பின்னால் நின்ற முயலிடம், கீரியிடம், வாத்திடம் எல்லாம் தங்கள் முறையை விளக்கினார்கள். வரிசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

சட்டியப்பனால் பொறுக்க முடியவில்லை. "என்னை எங்கம்மா மண்ணுல புதைச்சிட்டுப் போனா. எப்படி இருக்கேன்னு இன்னிக்கு வரைக்கும் எட்டிப் பாக்கல. நான் யாரையாவது புரட்டிப் போட்டேனா?" என்று கத்தினார்.

"அதுவும் ஒரு முறைதான். மதிக்கிறோம்" என்றது வரிசை.

"மதுரவல்லி! நான் ஒரே ஒரு வார்த்தை…"

"டோக்கன் இருக்கா?"

"மல்லாந்து கிடக்கிறவன் டோக்கனுக்கு எங்கம்மா போவேன்?"

"அப்ப குறுக்கே பேசாதீங்க."

முதலில் காகத் தம்பதி போனார்கள். "எங்க சின்னவன் மட்டும் வேற மாதிரி கூவறான். முகச்சாயலும் எங்க ரெண்டு பேர் மாதிரி இல்ல" என்று பெண் காகம் கண்ணைக் கசக்கியது. மதுரவல்லி வேறு பக்கம் பார்த்தாள். "ஒவ்வொரு குழந்தையும் தனி ரகம். நல்லா ஊட்டுங்க. அடுத்த டோக்கன்!"

நிழல் சட்டியப்பனின் வாலைத் தாண்டிவிட்டது. வெயில் பின்னங்காலைத் தொட்டது.

மந்தியும் கடுவனும் முறை வந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். மதுரவல்லி கேட்டுவிட்டுப் பூங்கோதையிடம், "உங்க முறை சரி" என்றாள். "அப்ப என் முறை?" என்றான் தவசி. "அதுவும் சரி" என்றாள். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று வாத்து கேட்டது. "நீ கேட்டதும் சரி" என்றாள். "இவர் இவங்களை மதிக்கணும். இவங்க இவரை மதிக்கணும். மரியாதையைப் பார்த்து வளர்ற பிள்ளை தானா நல்லவனாயிடும்."

தவசியின் கண் கலங்கியது. பூங்கோதை மூக்கை உறிஞ்சினாள். வரிசையே இறக்கையைத் தட்டியது. இருவரும் கைகோத்துக்கொண்டு பாறைக்குத் திரும்பினார்கள்.

"என்னங்க, உங்க முறைப்படியே ஆகட்டும். அவனை ஒரு அதட்டு அதட்டுங்க."

"சேச்சே. நீ பக்குவமா எடுத்துச் சொல்லு புள்ள. நான் பக்கத்துல நின்னு கத்துக்கறேன்."

"நீங்க இருக்கும்போது நான் முந்திக்கிறதா?"

"பெத்தவ நீ. உனக்கு மிஞ்சி நானா?"

"இல்லைங்க, முதல்ல நீங்க."

"அட, நீ சொல்லு."

மரியாதை வருவதற்கு முன்பாவது பயல் ஒரு சாண் தூக்கினான். மரியாதை வந்த பிறகு யாரும் ஒரு விரலைக்கூட வைக்கவில்லை. வெயில் வயிற்றின் விளிம்புக்கு வந்துவிட்டது.

"டேய் நிக்… நிச்சு… டேய் பயலே!" என்று சட்டியப்பன் அலறினார். "நீயாவது திருப்பித் தொலைடா!"

நிக்‌ஷ்வின் ஈ பிடித்துக்கொண்டிருந்தான். வந்தான், கை கொடுத்தான், திருப்பினான். அவ்வளவுதான். சட்டியப்பன் குப்புற விழுந்தார். வயிற்றுக்குக் கீழே குளிர்ந்த பாறை. உலகம் நேராக இருந்தது.

"என் தங்கமே!" என்று பூங்கோதை பிள்ளையை வாரி அணைத்து உச்சி முகர்ந்தாள். தவசி மரத்தில் தாவி ஏறி, கறுகறுவென்று பழுத்த நாவல் பழமாகப் பறித்துவந்து அவன் கையில் வைத்தான்.

"எல்லாம் உங்க கண்டிப்புதாங்க."

"எல்லாம் உன் அன்புதான் புள்ள."

குளம் பக்கத்திலேயே இருந்தது. சட்டியப்பன் அப்போதே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. தனக்கு ஒரு மன்னிப்பு வரவேண்டியிருக்கிறது, அதை வாங்காமல் நகரக்கூடாது என்று பாறையிலேயே நின்றார்.

"நடந்ததுக்கு ஒரு மன்னிப்பு…" என்று தொடங்கினார்.

நிக்‌ஷ்வின் பழத்தைத் தின்று முடித்திருந்தான். வெறுங்கையைப் பார்த்தான். சட்டியப்பனைப் பார்த்தான். நேராக நிற்கும் ஆமையிடம் ஒரு நல்ல காரியமும் செய்ய முடியாது என்பது அவனுக்குப் புரிந்தது.

சொத்!

"அம்மா! அப்பா! தாத்தா விழுந்துட்டாரு! நான் திருப்பட்டுமா?"

"கேட்டீங்களா?" பூங்கோதை புருஷனின் தோளை உலுக்கினாள். "நாம சொல்லாமலே கேக்கறான்!"

அவன் திருப்பினான். முத்தமும் பழமும் கிடைத்தன. மறுபடி புரட்டினான். மறுபடி திருப்பினான். வரிசையில் நின்ற பெற்றோர் இதைப் பார்த்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் நல்ல குணம் வரட்டும் என்று முயலும் கீரியும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பாறைக்கு வந்தன. கூட்டம் சேர்ந்ததும் மதுரவல்லி அங்கேயும் டோக்கன் கொடுத்தாள். முதல் டோக்கன் காகத்தின் சின்னவனுக்கு.

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு தடவை நேராகும்போதும் சட்டியப்பன், "அந்த மன்னிப்பு…" என்று ஆரம்பிக்கிறார். ஆமைக்குப் பேச்சும் மெதுவாகத்தான் வரும். வாக்கியம் முடிவதற்குள் வானம் வந்துவிடுகிறது.

மன்னிப்பு இன்னும் வந்து சேரவில்லை. அவரும் விடுவதாக இல்லை. ஆயுசு கிடக்கிறது.

நீதி: ஊரில் பிள்ளைகள் நல்லவர்களாக வளர வேண்டுமென்றால், அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் மல்லாந்து கிடக்கத்தான் வேண்டும்.