கட்டாயமில்லாத சுவிட்ச்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். மானம் போன ஒரு மின் ஆய்வாளரின் கதை சொல்கிறேன்.

பெரிய அதிகாரி சாப்பிட வந்திருந்தார். பட்டென்று கூடமெல்லாம் இருட்டு.

"ஒரு வாரமா இப்படித்தான் சார்," என்று வழிந்தார் ஆய்வாளர்.

எல்லாம் அவர் மனைவி போன வாரம் பிடிவாதமாகப் பொருத்தவைத்த சுவிட்சால் வந்தது. எங்காவது கரண்ட் கசிந்தால் அது தானே விழுந்து, வீட்டையே அணைத்துவிடும். ஆய்வாளருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"சட்டத்துல கட்டாயம்னு இருக்கா? தரக்குழு 'வச்சா நல்லது'ன்னு சொல்லியிருக்கு, அவ்வளவுதான். நல்லதையெல்லாம் செய்ய ஆரம்பிச்சா கட்டுப்படியாகுமா?"

ஊரார் வீடுகளுக்கு அவர் கையெழுத்துப் போட்டதும் இந்தக் கணக்கில்தான்.

சுவிட்ச் விழுந்த முதல் நாள், பழியை மிக்ஸி மேல் போட்டுப் பரணில் ஏற்றினார். மறுநாளும் விழுந்தது. இஸ்திரிப் பெட்டியும் பரணேறியது. கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார். பிறகு ஃபிரிட்ஜை அணைத்தார். பால் திரிந்தது, மனைவியின் முகமும் திரிந்தது. சுவிட்ச் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. வீட்டில் நடந்த ஒரே நல்லது, ஒரு வருடமாகக் கைக்குத் தைலம் தேய்த்துவந்த மாமியார் அந்த வாரம் புட்டியைத் திறக்காததுதான். வயதானால் கை அப்படித்தான் என்று ஆய்வாளர் எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

இன்று அதிகாரி சுவரிலிருந்த கேடயத்தைத்தான் ரசித்துக்கொண்டிருந்தார். 'மின் பாதுகாப்புச் செம்மல்' என்று பொறித்து, சுற்றிலும் குட்டி விளக்குகள் வைத்த உலோகக் கேடயம். போன வருடம் அவரே தன் கையால் கொடுத்தது. அந்த நேரம் பார்த்து இப்படி ஆகவேண்டுமா?

ஆய்வாளருக்குக் காது மடல் சுட்டது. ஸ்குரூ டிரைவரோடு நாற்காலி மேல் ஏறினார். சுவிட்சைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகக் கொடுத்துவிடுவதாக முடிவு. டார்ச் பிடிக்க மாட்டேன் என்று மனைவி உள்ளே போய்விட்டாள். அதிகாரியே பிடித்தார்.

"அதைக் கழட்டாதீங்க மாப்பிள்ளை." கேடயத்தருகே துடைக்கும் துணியோடு நின்றிருந்தார் மாமியார்.

"ஏன் அத்தை?"

"நான் உங்க கேடயத்தைத் துடைக்கிறப்பதான் அது விழுது. இந்த சுவிட்ச் வர்றதுக்கு முன்னாடி, துடைக்கிறப்பல்லாம் சுரீர்னு இழுத்து கை விறைச்சுக்கும். வெளிய சொன்னா உங்களுக்குத் தலைகுனிவாச்சேன்னுதான் வாயைத் திறக்கல."

டார்ச் வெளிச்சம் மெல்லத் தரைக்கு இறங்கியது.

உங்கள் வீட்டில் விளக்கும் எரியட்டும், துடைக்கிற கையும் நன்றாயிருக்கட்டும் கண்ணுகளா.